ஒரே குப்பிக்கு 10 என்றும் 4 என்றும் விடை தரும் செயலிகள்: எதைத் தேர்வது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 5 மில்லிகிராம் பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) தூள் உள்ள குப்பியில் 2 மில்லிலீற்றர் நீர் விட்டுக் கரைத்து, ஒரு தடவைக்கு 250 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும் என்று இரண்டு செயலிகளில் பதிந்திருக்கிறீர்கள், ஒன்று 10 யூனிட் என்கிறது, மற்றது 4 யூனிட் என்கிறது, எதை நம்புவது, இனிமேல் எந்தச் செயலியை வைத்துக்கொள்வது. கூடவே, வாரம் ஒரு தடவை செமாக்ளுடைட் (நீரிழிவுக்கும் நிறை குறைப்புக்கும் கொடுக்கும் மருந்து) பேனா ஊசி போடும் உங்கள் அம்மாவின் பதிவுகளையும் அதே செயலியில் எழுதி வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் வைத்தியசாலை மருந்தாளராகப் பல வருடங்கள் வேலை செய்த பழக்கத்தை வைத்துப் பதில் எழுதுகிறேன். அந்தக் குப்பியைப் பாவிக்கலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; அது வேறு விடயம், கீழே தனியாக எழுதியிருக்கிறேன். முதலில் கணக்கை முடித்துவிடுவோம்.

இரண்டு விடையும் சரி. 5 மில்லிகிராம் என்பது 5,000 மைக்ரோகிராம். அது 2 மில்லிலீற்றரில் கரைந்தால் ஒரு மில்லிலீற்றருக்கு 2,500 மைக்ரோகிராம். 250ஐ 2,500ஆல் வகுத்தால் 0.1 மில்லிலீற்றர். இதுவரை எந்தச் செயலியும் வேறு விடை சொல்ல முடியாது. இதற்குப் பிறகுதான் ஊசிக்குழாய் கணக்குக்குள் வருகிறது. ‘யூ-100’ என்று அச்சிட்ட இன்சுலின் ஊசியில் ஒரு மில்லிலீற்றர் 100 யூனிட்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அதில் 0.1 மில்லிலீற்றர் என்பது 10. ‘யூ-40’ ஊசியில் அதே மில்லிலீற்றர் 40 யூனிட்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும், அதில் 0.1 மில்லிலீற்றர் என்பது 4. உங்கள் இரண்டாவது செயலியின் அமைப்பு ‘யூ-40’ இல் நின்றிருக்கிறது. இந்தியாவில் 40 யூனிட் இன்சுலின் இன்னும் பரவலாக விற்கப்படுவதால், சென்னைக்குப் போய்வருபவர்கள் மலிவாகக் கிடைத்தது என்று கொண்டுவரும் பெட்டிகளில் அந்த ஊசிகள் இங்கும் வந்து சேர்கின்றன. வழக்கமாக ‘யூ-100’ ஊசிக்குச் செம்மஞ்சள் மூடியும் ‘யூ-40’ ஊசிக்குச் சிவப்பு மூடியும் இருக்கும். ஆனாலும் மூடியின் நிறத்தை நம்பாமல் குழாயில் அச்சிட்டிருப்பதைப் படிப்பதுதான் சரி.

இது சின்ன விடயம் இல்லை. ‘யூ-100’ ஊசியில் 4 வரை இழுத்தால் உடலுக்குள் போவது 100 மைக்ரோகிராம் மட்டும். ‘யூ-40’ ஊசியில் 10 வரை இழுத்தால் 0.25 மில்லிலீற்றர், அதாவது 625 மைக்ரோகிராம். நினைத்ததைப் போல இரண்டரை மடங்கு. இதற்குள் இன்னொரு பொறியும் இருக்கிறது. 0.3 மற்றும் 0.5 மில்லிலீற்றர் கொள்ளும் ‘யூ-100’ ஊசிகளில் பெரும்பாலும் ஒரு சிறு கோடு ஒரு யூனிட். 1 மில்லிலீற்றர் கொள்ளும் ஊசியில் பெரும்பாலும் ஒரு சிறு கோடு இரண்டு யூனிட். ‘10’ என்ற விடையைப் பார்த்துவிட்டுக் கோடுகளைப் பத்து வரை எண்ணுபவர் பெரிய ஊசியில் 20 யூனிட்டை இழுத்துவிடுவார். சில செயலிகள் ஊசியின் படத்தை வரைந்து, எதுவரை இழுக்க வேண்டும் என்று நிறம் தீட்டிக் காட்டுகின்றன. அந்தப் படம் உங்கள் கையில் இருக்கும் ஊசியின் கொள்ளளவுக்கு உரியதாக இல்லாவிட்டால், படம் இல்லாமல் இருப்பதே நல்லது.

ஆகவே கணிப்பானைத் தேர்வதற்கு நான் வைக்கும் முதல் அளவுகோல், அது ஊசியின் வகையையும் கொள்ளளவையும் கேட்காமல் விடை சொல்ல மறுக்க வேண்டும் என்பது. அடுத்தது, விடையை மைக்ரோகிராமிலும் மில்லிலீற்றரிலும் ஊசியின் குறியிலும் ஒரே திரையில் காட்ட வேண்டும். இடையில் வந்த வகுத்தலையும் மறைக்காமல் எழுத வேண்டும். வெறும் ‘10 யூனிட்’ என்று பெரிய எழுத்தில் மட்டும் காட்டும் செயலியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஏனென்றால் ஊசியில் உள்ள யூனிட் திரவத்தின் கனவளவைக் குறிக்கிறது. சில மருந்துப் பெட்டிகளில் எழுதியிருக்கும் சர்வதேச யூனிட் மருந்தின் வீரியத்தைக் குறிக்கிறது. இன்சுலினுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக வரும்படி ஊசியைச் செய்திருக்கிறார்கள். வளர்ச்சி ஹோர்மோனில் 1 மில்லிகிராம் 3 சர்வதேச யூனிட்; அதற்கும் ஊசிக்குழாயின் கோட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் ஒரே கட்டத்தில் பதியவிடும் செயலி ஆபத்தானது.

இவையெல்லாம் படித்தவர்களுக்கு நேராது என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், குப்பியில் கலந்து விற்கப்படும் செமாக்ளுடைட்டில் நடந்த அளவுத் தவறுகள் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நோயாளர்கள் தாங்களாகவே ஊசியில் இழுத்தபோது நினைத்த அளவைவிட 5 முதல் 20 மடங்கு வரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்; சிலரை வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டி வந்தது. மில்லிகிராம், மில்லிலீற்றர், யூனிட் ஆகிய மூன்றுக்கும் இடையிலான குழப்பம் அதில் முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அறிக்கையில் வரும் ஒருவர் சுகாதாரத் துறையில் இருப்பவர்; தன் அளவைத் தானே யூனிட்டுக்கு மாற்றிக் கணக்குப் போட்டு, பத்து மடங்கு ஏற்றிக்கொண்டார்.

செயலிகளின் தரம் பற்றி என்னிடம் உள்ள உறுதியான சான்று பெப்டைட் செயலிகளைப் பற்றியதல்ல, இன்சுலின் அளவு கணிக்கும் செயலிகளைப் பற்றியது. இன்சுலினும் பெப்டைட்தான் என்பதால் பாடம் பொருந்தும். 2015இல் ‘பிஎம்சி மெடிசின்’ ஆய்விதழில் வந்த ஆய்வு 46 செயலிகளைச் சோதித்தது. அவற்றுள் 42 செயலிகள், பதியப்படும் எண் பொருத்தமானதா என்று சரிபார்க்கவே இல்லை. 27 செயலிகள் ஏதாவது ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் விடை தந்தன. 31 செயலிகள் தவறான அளவைச் சொல்லக்கூடிய நிலையில் இருந்தன. குறை எதுவும் காணப்படாத செயலி ஒன்றே ஒன்று. பத்து வருடங்களில் செயலிகள் மாறியிருக்கும். ஆனால் அந்த ஆய்வு தேடிய குறைகளை நீங்களும் வீட்டிலிருந்தபடியே தேடலாம்.

தண்ணீரின் அளவைப் பதியாமல் கணக்கிடச் சொல்லிப் பாருங்கள். பூச்சியம் பதிந்து பாருங்கள். 5 மில்லிகிராமுக்குப் பதிலாக 5,000 மில்லிகிராம் என்று பதியுங்கள். நல்ல செயலி உடனே நிறுத்தி, மைக்ரோகிராமா என்று கேட்கும். ஊசியின் கொள்ளளவைவிட அதிகமான விடை வரும்படி எண்களைக் கொடுத்து, அது எச்சரிக்கிறதா என்று பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இட்டு ‘2,5’ என்று பதியுங்கள்; ஐரோப்பாவில் எழுதப்பட்ட சில செயலிகள் அதை இரண்டரையாக எடுக்கும், வேறு சில இருபத்தைந்தாக எடுக்கும். கடைசியாக, விடை வந்த பிறகு நீரின் அளவை 2 இலிருந்து 3 ஆக மாற்றுங்கள். ‘யூ-100’ ஊசிக்கு 10 ஆக இருந்த விடை 15 ஆக மாற வேண்டும். மாறாமல் பழைய எண்ணே நிற்குமானால் அந்தச் செயலியை அழித்துவிடுங்கள். எண்களை எழுதும் முறையையும் கவனியுங்கள்: ‘.5’ என்று பூச்சியம் இல்லாமலோ ‘5.0’ என்று வேண்டாத பூச்சியத்தோடோ காட்டும் செயலியை எழுதியவர், மருந்தகங்களில் நாங்கள் முதலில் கற்கும் பாடத்தையே அறியாதவர். புள்ளி கண்ணில் படாமல் போனால் ‘.5’ ஐந்தாகும், ‘5.0’ ஐம்பதாகும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். மருந்தளவு கணிக்கும் செயலிகள் மருந்து உற்பத்தியாளர், வைத்தியசாலை, பல்கலைக்கழகம், மருந்தகம் போன்ற நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும், அல்லது மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனத்தின் விதியிலேயே இருக்கிறது. செயலியின் விவரப் பக்கத்தில் அதை வெளியிட்டவர் யார் என்று பாருங்கள். பெப்டைட் விற்கும் கடையோடு தொடர்புடையவர் என்றால், அல்லது பெயரைத் தேர்ந்தவுடன் ‘வழமையான அளவு’ என்று தானே ஓர் எண்ணை நிரப்பித் தந்தால், அந்தச் செயலி உங்கள் பக்கம் இல்லை. கணிப்பான் உங்கள் எண்ணை வகுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். எண்ணைத் தருவது வைத்தியரின் வேலை.

இத்தனை சோதனையையும் சொல்லிவிட்டு என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்வதானால், கணக்கிடச் செயலியே வேண்டியதில்லை. ஒரு குப்பிக்கு ஒரே ஒரு தடவைதான், அதைக் கரைக்கும் நாளில்தான், கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அதைத் தாளில் போடுங்கள். வீட்டில் இன்னொருவரை உங்கள் தாளைப் பார்க்காமல் தனியாகப் போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் ஒரு சிறு லேபலில் எழுதிக் குப்பியில் ஒட்டுங்கள். லேபலில் இப்படி இருக்கும்: ‘5 மி.கி., 2 மி.லீ. நீர்; 250 மைக்ரோகிராம் = 0.1 மி.லீ. = யூ-100 ஊசியில் 10 என்ற குறி; கரைத்த திகதி.’ எங்கள் வைத்தியசாலை மருந்தகத்திலும் இப்படித்தான்: ஒருவர் கணக்கிடுவார், மற்றவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல் கணக்கிடுவார், பிறகுதான் லேபல். ஒவ்வொரு தடவையும் செயலியைத் திறந்து எண்களைப் புதிதாகப் பதிவது, ஒவ்வொரு தடவையும் தவறுக்குப் புதிதாக ஒரு வாய்ப்புக் கொடுப்பதாகும்.

பதிவு வைத்திருப்பது வேறு வேலை. அதற்குத் தொலைபேசி உண்மையிலேயே உதவும், உங்கள் அம்மாவின் விடயத்தில் நிச்சயமாக உதவும். அவர் பாவிப்பது பேனா. அளவைப் பேனாவிலேயே திருகி எடுப்பதால் கணிப்பானே தேவையில்லை. பேனாவின் ‘கிளிக்’குகளை எண்ணி இடைப்பட்ட அளவு எடுக்கும் பட்டியல்கள் சில செயலிகளில் உண்டு, உற்பத்தியாளர் சொல்லாத முறை அது, தொட வேண்டாம். அவருக்குத் தேவை, போட்ட நாள், அளவு, உடலில் போட்ட இடம், பேனாவைத் திறந்த திகதி, வாந்தி, மலச்சிக்கல் போன்ற உபாதைகள், நிறை ஆகியவற்றை எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடு. போட்ட இடம் ஏன் என்றால், வயிறு, தொடை, மேற்கை என்று மாற்றி மாற்றிப் போடாமல் ஒரே இடத்தில் போட்டு வந்தால் அங்கே தோல் தடித்து மருந்து சீராக உறிஞ்சப்படாமல் போகலாம்.

தவறவிட்ட ஊசியைச் செயலி எப்படிக் கையாள்கிறது என்பதை நான் மிக முக்கியமாகப் பார்ப்பேன். வாராந்த செமாக்ளுடைட்டான ஒசெம்பிக்கின் அறிவுறுத்தல், தவறவிட்ட ஊசியை 5 நாட்களுக்குள் போடலாம், அதற்கு மேல் சென்றால் விட்டுவிட்டு அடுத்த வழமையான நாளில் போட வேண்டும் என்பது. அதேபோல் வாரம் ஒரு தடவை போடும் டிர்செப்படைட் என்ற மருந்துக்கு அது 4 நாட்கள். எந்த மருந்துக்கும் இரண்டு ஊசியைச் சேர்த்துப் போடும் பேச்சே இல்லை. ‘நிலுவை’ என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்து, போட்டதாக அழுத்தும்வரை விடாத செயலி வயதானவரைப் பதற்றப்படுத்தி அந்தத் தவறைச் செய்ய வைக்கும். ‘விட்டுவிட்டேன்’ என்று குறிக்க ஒரு வழி இருக்க வேண்டும். அதேபோல, ஒரு தடவை ‘போட்டாயிற்று’ என்று அழுத்தியபின் மறுபடியும் அழுத்தினால் எச்சரிக்க வேண்டும். அம்மாவைப் பிள்ளைகள் இருவர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் ஒரே வாரத்தில் இரு தடவை போட்டுவிடுவது நடக்கிற விடயம்.

நினைவூட்டலில் நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் தள்ளி நிற்பது. அந்த அரை மணித்தியாலத்தை எதிர்பார்க்காமல் எழுதப்பட்ட செயலி அரை மணி முந்தியோ பிந்தியோ அடிக்கும். வாராந்த ஊசிக்கு அது பரவாயில்லை, ஆனால் பதிவில் நள்ளிரவை ஒட்டிய திகதிகள் ஒரு நாள் மாறிவிடும். அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் மின்கலச் சேமிப்பு அமைப்பு, திறக்காமல் கிடக்கும் செயலிகளை உறங்க வைத்துவிடுவதும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் செயலிக்கு அது நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கி, இரண்டு வாரம் சோதித்துப் பார்த்தபின்தான் நினைவூட்டலை நம்ப வேண்டும்.

பல செயலிகள் ‘உடலில் இப்போது இவ்வளவு மருந்து இருக்கிறது’ என்று அழகான வளைகோடு வரைந்து காட்டுகின்றன. இதில் உறுதியான பகுதியும் ஐயமான பகுதியும் கலந்திருக்கின்றன. செமாக்ளுடைட்டின் அரை ஆயுட்காலம் (உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் காலம்) ஏறக்குறைய ஒரு வாரம், டிர்செப்படைட்டினுடையது ஏறக்குறைய 5 நாட்கள். அதனால் ஒவ்வொரு வாரமும் போட்டு வந்தால் நான்கைந்து வாரத்தில் மருந்தின் அளவு ஒரு நிலைக்கு வரும். இவை உறுதி. ஆனால் அந்த வளைகோடு சராசரி மனிதருக்கு வரையப்பட்டது; உங்கள் அம்மாவின் இரத்தத்தை யாரும் அளக்கவில்லை. கோடு இறங்கிவிட்டது என்று குறித்த நாளுக்கு முந்தியே ஊசி போடுவதற்கு அது காரணம் ஆகாது. மனிதரில் முறையாக ஆராயப்படாத பெப்டைட்களுக்கும் இதே மாதிரிக் கோடு வரையும் செயலிகள், இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகின்றன.

செயலியில் ஏற்கெனவே பதிந்துள்ள காலாவதிக் கணக்கையும் அப்படியே ஏற்க வேண்டாம். ஒசெம்பிக் பேனாவைத் திறந்தபின் அமெரிக்க அறிவுறுத்தல் 56 நாட்கள் என்கிறது, ஐரோப்பிய அறிவுறுத்தல் 6 வாரம் என்கிறது. செயலி அமெரிக்காவில் எழுதப்பட்டிருந்தால் இரண்டு வாரம் கூடுதலாகக் காட்டும். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளே சட்டம். இரண்டு அறிவுறுத்தல்களும் 30 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்கின்றன. வெள்ளவத்தையில் மேல் மாடி வீட்டில் பிற்பகலில் அறை 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், திறந்த பேனாவையும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், உறைபெட்டியை ஒட்டாமல் வைப்பதே இங்கே நல்லது. உறைந்துபோன பேனாவைப் பாவிக்கக் கூடாது.

தரவு பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் கவனத்துக்குரியதாக வைக்கிறது. ஆனால் வெளிநாட்டில் எங்கோ ஒருவர் தனியாக எழுதி வெளியிட்ட செயலிக்கு எதிராக அதைப் பயன்படுத்துவது நடைமுறையில் கடினம். ஆகவே கணக்குத் திறக்கச் சொல்லாத, தரவைத் தொலைபேசியிலேயே வைக்கும், வேண்டும்போது பட்டியலாக வெளியே எடுக்கவிடும் செயலியே மேல். மாதச் சந்தா நின்றவுடன் பழைய பதிவுகளைப் பூட்டிவிடும் செயலியில் ஒரு வரியும் எழுத வேண்டாம். ஐபோன் என்றால் 2022இல் ஐஓஎஸ் 16 உடன் வந்த ஹெல்த் செயலியின் மருந்துப் பகுதியே அம்மாவுக்குப் போதும். வாராந்த நாளைக் குறிக்கலாம், விட்டதையும் குறிக்கலாம். போட்ட இடத்தை எழுத அதில் தனிக் கட்டம் இல்லாததால் ஒரு நாட்காட்டியில் எழுதிக்கொள்ளுங்கள். அன்ட்ரொயிட் என்றால், மேலே சொன்ன சோதனைகளில் தேறும் ஏதாவது பொது மருந்து நினைவூட்டல் செயலி, அல்லது கூகுள் ஷீட்ஸில் ஆறு நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணை. ‘பெப்டைட்’ என்று பெயரிலேயே போட்டுக்கொண்டிருக்கும் செயலி அவருக்குத் தேவையில்லை.

இனி உங்கள் குப்பி. உடற்பயிற்சி நிலைய நண்பர் மூலம் வந்தது, ‘ஆய்வுப் பாவனைக்கு மட்டும்’ என்று லேபலில் இருக்கிறது, பெப்டைட்டின் பெயர் பி.பி.சி. 157 என்று எழுதியிருக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் கண்காணிப்பில் வந்த மருந்து அல்ல அது. 2022 முதல் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறது. நீங்கள் போட்டிகளில் கலந்துகொள்பவர் என்றால் அதுவும் கவனத்துக்குரியது. 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், பாதுகாப்புக் குறித்துக் கணிசமான கேள்விகள் உள்ள பொருட்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. கணக்குக்கு வந்தால், லேபலில் உள்ள 5 மில்லிகிராம் என்ற எண்ணே உறுதியற்றது. உலர்தூளின் நிறையில் உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். தூய பெப்டைட்டின் நிறை அதைவிடக் குறைவு. குப்பியில் வேறு எதுவும் இருக்கிறதா, கிருமியற்றதா என்பதைத் தொலைபேசியால் சொல்ல முடியாது. கரைக்கும் நீரும் ஒரு கேள்வி: 0.9 சதவீதம் பென்சைல் அல்கஹோல் சேர்ந்த நீர் அல்லாமல் வெறும் கிருமிநீக்கிய நீரில் கரைத்த குப்பியைப் பல தடவை குத்தி எடுக்கக் கூடாது. அல்கஹோல் சேர்ந்ததையும் குத்தியபின் 28 நாட்களுக்கு மேல் வைப்பதில்லை. செயலி சொன்ன 10 மிகத் துல்லியமான விடை. ஆனால் எதன் 10 என்பது தெரியாது. அதை ஏற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை. என்ன வலிக்காக அதை வாங்கினீர்களோ அதை ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். உங்களைப் பார்க்காமல் இணையத்தில் நான் அதற்கு மருந்து சொல்ல முடியாது.

ஏற்கெனவே ஏற்றியிருந்தாலோ, அம்மாவுக்கு இரட்டை அளவு போய்விட்டாலோ, செயலியைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். மயக்கம், நிற்காத வாந்தி, வியர்வையும் நடுக்கமும் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்; அறிகுறி இல்லாவிட்டாலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் கேட்கலாம். செமாக்ளுடைட் உடலில் வாரக்கணக்கில் தங்குவதால், முதல் நாள் சுகமாக இருந்தார் என்று விட்டுவிட முடியாது. போகும்போது பேனாவையோ குப்பியையோ, பாவித்த ஊசியை அதன் உறையோடும், பதிவு வைத்திருக்கும் தொலைபேசியையும் கொண்டுபோங்கள். எந்த ஊசி என்று பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று அங்கே கணக்கிட முடியும்.